எண்பது விளக்குகளும் ஒரு ஸ்டூலும்

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். வந்ததும் எலக்ட்ரீஷியனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார். இப்போது மணி நாலே கால்.

இந்தக் கணக்கை ஸ்டெப்னி மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டான். மூன்று முறையும் ஒண்ணே முக்கால் மணி நேரம்தான் வந்தது. அக்காவோ அறிவியல் காட்சிக்கூடத்தின் வாசல் பலகையை விட்டு நகராமல் நின்றிருந்தாள்.

"அக்கா, திறக்கும் நேரம், மூடும் நேரம். ரெண்டே வரி. அதைப் படிக்க அஞ்சு நிமிஷமா?"

"மூடும் நேரம் அஞ்சுன்னு போட்டிருக்கு. திருட்டு நடந்தது அஞ்சு இருபதுக்கு. அந்த இருபது நிமிஷம் உள்ள யார் யார் இருந்தாங்கன்னு போடல" என்றாள் அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓர் இரும்புத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே வந்தார், யாருக்காக யார் வருகை அட்டை குத்தினார் என்று பார்த்தவள். தொழிற்சாலை மூடிய பிறகு கையில் மிச்சமிருந்தது சந்தேகம் ஒன்றுதான். அதை வைத்தே பிழைக்கிறாள். ஸ்டெப்னி அவளுடைய உதவியாளன். நாலு சக்கரமும் நன்றாக ஓடும்போது யாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை, பஞ்சர் ஆனால்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் புலம்பியதில் ஒட்டிக்கொண்ட பெயர். முப்பத்தாறு வயதில் அவனும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டான்.

அவர்களை வரவழைத்தது எலக்ட்ரீஷியனின் அக்கா. இதே கூடத்தில் காட்சி வண்டி ஓட்டுகிறவள். சீருடைக் கோட்டின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

காணாமல் போனது ஒரு பழைய கப்பல் கடிகாரம். சாப்பாட்டு டப்பா அளவு மரப்பெட்டிக்குள் இருப்பது. வேறொரு நிறுவனம் இரவல் கொடுத்தது. எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். போன திங்கட்கிழமை ஓடிக்கொண்டேதான் வந்து சேர்ந்தது. நாளை ஞாயிறு, அந்த நிறுவனத்து ஆள் வந்து பெட்டியைத் திறந்து காட்சிக்கு வைப்பதாக ஏற்பாடு. அதுவரை பெட்டியைத் திறப்பதில்லை என்று இயக்குநர் எழுதிக் கொடுத்திருந்தார். பெட்டி கிழக்கு அறையில் இருந்தது. அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று இயக்குநரிடம், மற்றொன்று எலக்ட்ரீஷியனிடம், ஏனென்றால் மெயின் சுவிட்ச் போர்டும் அங்கேதான். நேற்று சாயங்காலம் பூட்டு உடையாமல் கதவு திறந்திருக்கிறது, கடிகாரம் போயிருக்கிறது. அந்த நேரத்தில் இயக்குநர் கூடத்தின் மறுகோடியில் இருந்தார் என்பதற்கு வாட்ச்மேன் சாட்சி. மிச்சம் இருப்பது ஒரு சாவி, ஓர் ஆள்.

"தம்பி மீட்டர் ரூம்ல தனியா இருந்தான். தனியா இருந்தவனுக்கு யாரு சாட்சி சொல்லுவா? குழந்தை பொறந்து நாலு நாள்தான் ஆகுது. இன்னும் பேர்கூட வைக்கல" என்றாள்.

அவள் அழவில்லை. பொத்தான்தான் கையோடு வந்துவிட்டது.

"நீங்க என்ன பார்த்தீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"விளக்கைப் பார்த்தேன். ஆனா நான் பார்த்தது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க."

"கண்ணு சரியில்லன்னா?"

"இல்ல. நான் நகர்ந்துக்கிட்டு இருந்தேன்னு."

ஸ்டெப்னி அக்காவைப் பார்த்தான். நகர்ந்தால் சாட்சி செல்லாது என்றால் ஊரில் பஸ் கண்டக்டர் ஒருவர்கூட கோர்ட் படி ஏற முடியாதே என்று சொல்ல வாயெடுத்தான். அக்கா அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

கூடம் நாற்பது மீட்டர் நீளம். ஒரு பக்கச் சுவர் முழுக்க, அரை மீட்டருக்கு ஒன்றாக, மேற்கிலிருந்து கிழக்கே எண்பது குழாய்கள் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு குழாயின் ஆழத்திலும் ஒரு பல்பு, வாயில் ஓர் எண். நேர் எதிரே நின்றால்தான் உள்ளே எரிவது தெரியும். ஓர் அடி தள்ளி நின்றால் வெறும் ஓட்டை. சுவரை ஒட்டித் தண்டவாளம், அதில் ஒற்றை இருக்கை போட்ட திறந்த வண்டி. சரி நடுவில், நாற்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில், தரையில் ஒரு பித்தளை வளையம். வளையத்தின் மேல் ஒரு ஸ்டூல்.

இயக்குநர் கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டே வந்தார். உயரமான மனிதர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. தனியார் துப்பறிவாளர்கள் என்றதும் முகம் சுளிக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தார். அந்தப் பெருந்தன்மையே ஸ்டெப்னிக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. நிஜ ஒளி கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடுகிறது. இங்கே அதை நத்தை வேகத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் இரண்டு கோடியிலிருந்தும் வெளிச்சம் கிளம்பி, நொடிக்கு ஒரு பல்பாக எதிரெதிரே வரும். ஸ்டூலில் இருப்பவர் முன்னால் இரண்டும் ஒரே கணத்தில் வந்து சந்திக்கும். அவர் நடுவில் இருப்பதால், இரண்டும் ஒன்றாகத்தான் கிளம்பின என்று முடிவு செய்வார். வண்டி அதில் பாதி வேகத்தில் போகும். நடுவிலிருந்து கிழக்கே போகும் வண்டியில் இருப்பவரோ கிழக்கு வெளிச்சத்தை எதிர்கொண்டு போகிறார், மேற்கு வெளிச்சத்திடமிருந்து விலகிப் போகிறார். அவருக்குக் கிழக்குதான் முதலில்.

"இது வெறும் வேஷம்தான். நிஜ ஒளியில விஷயம் இன்னும் விபரீதம்" என்றார் இயக்குநர். "ஒளி வண்டியில இருக்கிறவருக்கும் அதே வேகம், தரையில நிக்கிறவருக்கும் அதே வேகம். அதனால வண்டிக்காரருக்குக் கிழக்கு முதல்ல தெரிஞ்சது மட்டும் இல்ல, முதல்ல நடந்ததே கிழக்குதான். நிக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணா நடந்தது. ரெண்டு பேர் சொல்றதும் சரி."

"அப்படி ஒரு ஊர்ல டைம் ஆபீஸ் வச்சா உருப்பட்ட மாதிரிதான்" என்றான் ஸ்டெப்னி.

அக்கா சிரிக்கவில்லை. "அப்போ யார் எங்கேருந்து பார்த்தாலும் மாறாததுன்னு எதுவுமே இல்லையா சார்?"

இயக்குநருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. "நல்லா கேட்டீங்க. இருக்கு. தள்ளித் தள்ளி நடந்த ரெண்டு விஷயத்துக்குத்தான் இந்தத் தகராறு. ஒரே இடத்துல, ஒரே கணத்துல நடந்த ரெண்டு விஷயம் எல்லாருக்கும் ஒண்ணாதான் நடந்தது. அதுல பேச்சே இல்ல. அதே மாதிரி, ஒண்ணால இன்னொண்ணு நடந்திருந்தா அந்த முன்பின்னும் யாருக்கும் மாறாது."

அக்கா தன் பழைய நோட்டில் அதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டாள். அவள் பேனா நிற்கும்வரை இயக்குநர் காத்திருந்தார். தன் வாய்மொழியை ஒருவர் எழுதிக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

பிறகு நேற்று நடந்ததைச் சொன்னார். மூடிய பிறகு இதே விளக்குகள் காவலுக்குப் பயன்படுகின்றன. எலக்ட்ரீஷியனின் யோசனை. கூடத்தின் மேற்கு வாசலைத் திறந்தால் மேற்கிலிருந்து வெளிச்சம் கிளம்பும். கிழக்கு அறையைத் திறந்தால் கிழக்கிலிருந்து. வாட்ச்மேன் ஸ்டூலில் இருந்தபடி இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். நேற்று ஐந்து இருபதுக்கு இயக்குநர் மேற்கு வாசலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். சற்று நேரத்தில் இரண்டு வெளிச்சமும் வாட்ச்மேன் முன்னால் ஒன்றாக வந்து சேர்ந்தன.

"அதாவது நான் இங்க கதவைத் திறந்த அதே கணத்துல, அங்க யாரோ திறந்திருக்காங்க. நான் இங்க. அது நாப்பது மீட்டர் தள்ளி அங்க" என்றார்.

"ஓட்டுநர் அம்மா வேற சொல்றாங்களே?" என்றாள் அக்கா.

கிழக்கு முதலில் வந்தது, பதினாறு எண்ணிய பிறகுதான் மேற்கு வந்தது என்று அவள் சொல்கிறாளாம். அவள் பொய் சொல்வதாகக்கூடத் தான் சொல்லவில்லை என்றார் இயக்குநர். கிழக்கே பார்த்து வண்டியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்படித்தான் தெரியும். இந்தக் கூடத்தைக் கட்டியதே அதைக் காட்டத்தானே.

ஒரு பெண்ணின் சாட்சியைப் பொய் என்று சொல்லாமலே குப்பையில் போட விஞ்ஞானத்தால் முடிகிறது என்று ஸ்டெப்னி நினைத்துக்கொண்டான்.

எலக்ட்ரீஷியனின் சாவியை இடையில் வேறு யாராவது வாங்கி நகல் எடுத்திருக்கலாம் அல்லவா என்று அக்கா கேட்டாள். அதற்கு வழியே இல்லை என்றார் இயக்குநர். மனைவியின் பிரசவத்துக்காக அவன் திங்கள் முதல் புதன் வரை லீவு. லீவில் போகிறவர்கள் சாவியைத் தன் கையில் கொடுத்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று நாளும் இரண்டு சாவியும் தன் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன. வியாழக்கிழமை காலையில்தான் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா அதையும் எழுதிக்கொண்டாள்.

வாட்ச்மேன் ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். கேட்டதற்கெல்லாம் ஒப்பித்ததுபோல் பதில் வந்தது. அவர் நடுவில் இருந்தார். இரண்டும் ஒன்றாக வந்து முட்டின. உடனே இயக்குநரும் அவரும் வெளியே போய்ப் பின் வராந்தா வழியாக ஓடினார்கள். அறை திறந்திருந்தது.

"சார் உள்ள வரும்போது கையில என்ன இருந்துச்சு அண்ணே?" என்றான் ஸ்டெப்னி.

"ஒண்ணுமில்ல. கைக்குட்டை மட்டும். வேர்வையைத் துடைச்சிட்டே வந்தாரு."

"வண்டி எந்தப் பக்கம் போயிட்டிருந்தது?"

"கிழக்க. அந்தப் பொண்ணு முதுகுதான் எனக்குத் தெரிஞ்சது."

"போயிட்டே இருந்ததா?"

வாட்ச்மேன் யோசித்தார். அந்த வண்டி போகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆகும் என்றார். அவர் சுயமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

மணி நாலே முக்கால். அக்கா ஓட்டுநரைக் கூப்பிட்டு, நேற்று சாயங்காலம் கடைசியாகச் செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னாள். ஓட்டுநர் கிழக்குக் கோடிக்குப் போய் வண்டியில் ஏறினாள். கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். நெம்புகோலை இழுத்தாள். வண்டி கிளம்பியது.

ஸ்டெப்னி கண்ணைக் கசக்கிக்கொண்டான். அவள் முகம் கிழக்கே இருந்தது. வண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"ஏம்மா, இது பின்னாடியில்ல போகுது?"

"வண்டியைத் திருப்ப முடியாது. சீட்டும் திரும்பாது. ஷெட்டு மேற்குப் பக்கம். காலையில முன்னாடி எடுத்துட்டு வருவேன், சாயங்காலம் பின்னாடியே கொண்டு போய் விடுவேன்."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"கிழக்கப் பார்த்து உக்காந்திருந்தியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எந்தப் பக்கம் போனேன்னு யாரும் கேக்கல."

அக்கா வண்டியோடு கூடவே நடந்தாள். அதற்கு அவள் தன் நடையை ஆமை நடையாகக் குறைக்க வேண்டியிருந்தது. "கிழக்கு வெளிச்சம் உங்களைத் தொட்டப்போ எங்க இருந்தீங்க?"

"வளையத்தைத் தாண்டிட்டேன். முப்பத்தாறாம் நம்பர். நம்பர் பார்க்கிறது பழகிப்போச்சு, பிள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி."

அக்கா நின்றாள். ஸ்டெப்னியையும் நிறுத்தினாள். "முப்பத்தாறுல இருக்கிறவங்களுக்கு எந்தப் பக்கம் கிட்ட?"

"மேற்கு."

"ரெண்டும் ஒண்ணா கிளம்பியிருந்தா?"

"மேற்குதான் முதல்ல வரணும். அதுவும் இவங்க மேற்குக்கு எதிர்ல போறாங்க. இன்னும் சீக்கிரமே வரணும்." ஸ்டெப்னி சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினான். "ஆனா கிழக்கு இவங்களைப் பின்னாலேருந்து துரத்திப் பிடிச்சிருக்கு."

"அவ்வளவு தூரத்தையும் கடந்து வந்து."

"அப்போ கிழக்கு முதல்லயே கிளம்பியிருக்கு. அப்போ வாட்ச்மேன் பொய் சொல்றாரு."

"ரெண்டும் ஒண்ணா வந்துச்சுன்னு சொன்னாரு. அது பொய்யா இருக்காது, அந்த மாதிரி பொய்யை அவரால ஜோடிக்க முடியாது" என்றாள் அக்கா. "வந்து சேர்ந்ததை அவர் பார்த்தாரு. கிளம்பினதை யார் பார்த்தா?"

அவள் பித்தளை வளையத்தை நோக்கி நடந்தாள். குனிந்து ஸ்டூலைத் தூக்கினாள். தினமும் ஆயிரம் பிள்ளைகளுக்காகப் போடும் ஸ்டூல். கால்களின் அடியில் ரப்பர். வளையத்தைச் சுற்றித் தரை முழுக்க ரப்பர் கோடுகள். பிறகு ஸ்டெப்னியிடம் கண்ணைக் காட்டினாள். சைகை அவனுக்குப் புரியவில்லை. அக்கா தன் கைபேசியை எடுத்து ஆட்டிக் காட்டிய பிறகு புரிந்தது: மூடிய பிறகு தனியாக உட்காருகிற ஆள் போனை எங்கே சொருகுவார்?

"அண்ணே, போன்ல சார்ஜ் உயிரை விடுது. இங்க எங்க சொருகலாம்?"

வாட்ச்மேனின் கை அவர் யோசிப்பதற்கு முன்பே நீண்டுவிட்டது. "அதோ, இருபத்திநாலுக்குக் கீழ."

மொத்தக் கூடத்திலும் அந்தச் சுவரில் இருந்தது அந்த ஒரே பிளக். அதன் எதிரே, பாலிஷ் போட்ட தரையில், நான்கு வட்டமான கறுப்புத் தடங்கள். பக்கத்தில் சுவர் மூலையில் சுருட்டி வைத்த ஒரு சார்ஜர். ஒயர் ஒரு மீட்டர்கூட இருக்காது.

"தினமும் அஞ்சு மணிக்கு நாற்பதாம் நம்பர்ல உக்காருறீங்க" என்றான் ஸ்டெப்னி. "இந்த ஒயர் அங்க வரைக்கும் எட்டுதா, இல்ல அதுவும் நொடிக்கு ஒரு பல்பா நகர்ந்து வருதா?"

வாட்ச்மேன் ஓட்டுநரைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டூல் தினமும் சாயங்காலம் அங்கே போவது அவளுக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். பல் தேய்ப்பதுபோல் தினமும் நடக்கிற ஒன்றை யார் தனியாகச் சொல்வார்கள்.

அதன் பிறகு வாட்ச்மேன் எதையும் ஒப்பிக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் செத்துவிடும். எட்டு மணிவரை தனியாக உட்கார வேண்டும். ஸ்டூலைத் தள்ளிப் போட்டு சார்ஜில் வைத்துக்கொண்டே ஏதாவது பார்ப்பார். காலையில் வளையத்துக்குத் திருப்பிவிடுவார். வியாழக்கிழமை இயக்குநர் அதைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பயந்தபோது, பரவாயில்லை, ஆனால் யார் கேட்டாலும் நடுவில்தான் இருந்தேன் என்று சொல், இல்லாவிட்டால் உன் வேலைக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றாராம்.

"நேத்து இங்கதான் இருந்தீங்களா?"

"இங்கதான்."

ஸ்டெப்னி விரல்விட்டு எண்ணினான். மேற்குக் கோடியிலிருந்து இங்கே இருபத்துநான்கு நொடி. கிழக்குக் கோடியிலிருந்து ஐம்பத்தாறு. இரண்டும் இங்கே ஒன்றாகச் சேர வேண்டுமானால், கிழக்கு முப்பத்திரண்டு நொடி முன்னால் கிளம்பியிருக்க வேண்டும்.

"இதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பேர் உண்டு. ஒரே ஆள் ரெண்டு அட்டை குத்துறது" என்றாள் அக்கா.

ஐந்தரைக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அரைமணி நேரம் முன்னதாக. தன் கடிகாரம் கொஞ்சம் வேகம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஐந்து நிமிடம் கேட்டு அக்கா அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். எலக்ட்ரீஷியன் கூடத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். ஓட்டுநரான தன் அக்காவைப் போலவே மெலிந்த உடம்பு, சவரம் செய்யாத முகம். விளக்குகளைக் காவல் நிலைக்கு மாற்றச் சொன்னதும், யார் வீட்டு வேலையோ என்பதுபோல் மாற்றிவிட்டு வந்து அதே இடத்தில் நின்றான். வாட்ச்மேன் இருபத்துநான்காம் எண்ணுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். இயக்குநர் அதைப் பார்த்தார். கைக்குட்டை வெளியே வந்தது.

ஸ்டெப்னி கிழக்கு அறை வாசலில் நின்றான். அறையின் கதவு கூடத்துக்குள் திறப்பதில்லை, பின் வராந்தாவில்தான் திறக்கிறது. வராந்தாவின் இந்தக் கோடியில் முற்றம், முற்றத்தில் மீட்டர் ரூம். திருடன் அந்த வழியாகத்தான் போனான் என்று முடிவு கட்டி, போலீஸ் மீட்டர் ரூமையும் எலக்ட்ரீஷியன் வீட்டையும் தலைகீழாகப் புரட்டியாகிவிட்டது. மறுகோடி நேராகக் கூடத்தின் மேற்கு வாசலில் போய் முடிகிறது. அந்தப் பக்கத்தை யாரும் தேடவில்லை. அங்கிருந்து வந்தவர்தான் இயக்குநர் ஆயிற்றே.

கதவைத் திறந்தான். எண்ண ஆரம்பித்தான். ஒன்று.

ஓடக் கூடாது, சட்டை கசங்காமல் வேகமாக நடக்கிற ஆளைப்போல் நட என்று அக்கா சொல்லியிருந்தாள். நடந்தான். வலது கைப்பக்கம் சுவர், அதற்குப் பின்னால் கூடம். உள்ளே ஒரு வெளிச்சம் தன்னைவிட மெதுவாக வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு விசித்திரமாக இருந்தது. வாழ்க்கையில் ஒளியை முந்தியவர்கள் பட்டியலில் தன் பெயரையும் சேர்க்கலாம். பதினெட்டு, பத்தொன்பது. நேற்று இரவிலிருந்து காவலுக்கு இருக்கும் கான்ஸ்டபிள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். இருபத்தைந்தில் மேற்கு வாசல் வந்துவிட்டது.

இன்னும் ஏழு நொடி.

ஏழு நொடி சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. நேற்று இந்த ஏழு நொடியில் அந்த ஆள் என்ன செய்திருப்பான்? கிழக்கு அறையில் எடுத்தபோது கையில் பெட்டி. உள்ளே போகும்போது கையில் கைக்குட்டை. நடுவில் இந்த வராந்தாவும் ஏழு நொடியும்தான். இவ்வளவு நேரத்துக்குள் ஒரு மனிதன் இதைத் தாண்டி எங்கேயும் போய்வர முடியாது. அப்படியானால் பெட்டியும் போயிருக்க முடியாது.

சுவரில் தீயணைப்பு மணல் வாளிகள் ஆறு, கொக்கிகளில் தொங்கின. முதல் நான்கிலும் மணல் இறுகி, மேலே தூசும் காய்ந்த சருகும் படிந்திருந்தன. ஐந்தாவது வாளி காலி. அதற்குள் கான்ஸ்டபிளின் தண்ணீர் பாட்டில். ஆறாவது, கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு சருகுகூட இல்லை.

முப்பத்திரண்டு. ஸ்டெப்னி மேற்கு வாசலைத் திறந்தான்.

வாட்ச்மேன் முன்னால் இரண்டு வெளிச்சமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. "இதேதான்" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். அக்கா சுருக்கமாகச் சொன்னாள்: இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கவில்லை, கிழக்கு திறந்து முப்பத்திரண்டு நொடி கழித்துதான் மேற்கு திறந்தது, அந்த நேரம் ஒரே ஆள் நடந்து வரப் போதும், மேற்கு வாசலைத் திறந்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இயக்குநர் புன்னகைத்தார். அது நல்ல புன்னகை. "இது வெறும் கணக்கு. ஸ்டூல் இங்க இருந்ததுன்னு வச்சுக்குவோம். எலக்ட்ரீஷியன் திறந்து அரை நிமிஷம் கழிச்சு நான் தற்செயலா வந்திருக்கலாமே. முன்னாடி நடந்ததனாலேயே அது என்னோட வேலை ஆயிடுமா?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஸ்டெப்னியைப் பார்த்தாள்.

"ஆறாவது வாளி" என்றான் ஸ்டெப்னி. "அஞ்சாவதைத் தூக்கி அதுல கவுத்திருக்காங்க. பாதி வாளி மணல் என்ன கனம் இருக்கும்? வேர்க்காதா பின்ன?"

கான்ஸ்டபிள் வாளியை உள்ளே கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். மணலோடு மரப்பெட்டி விழுந்தது. ஓட்டுநர் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். அவள் தம்பியின் முகத்தில் நிம்மதி வரவில்லை. பெட்டி கிடைத்ததால் மட்டும் அது அவன் ஒளித்து வைத்த பெட்டி அல்ல என்று ஆகிவிடாது. அது அவனுக்கும் தெரிந்தது, இயக்குநருக்கும் தெரிந்தது.

"பாருங்க, ஓடும்போது இங்க ஒளிச்சிருக்கான்" என்றார் இயக்குநர்.

இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்தார். கடிகாரத்தின் கண்ணாடி மூன்றாகப் பிளந்து, ஒரு துண்டு முள்ளின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. பதினொன்று பத்து. நேற்று மணலைக் கொட்டியதில் உடைந்திருக்கும் என்று அவர் முணுமுணுத்தார். அக்கா குனிந்து, முகப்பின் கீழே நகம் அளவில் இருந்த ஜன்னலைக் காட்டினாள். கிழமை காட்டும் ஜன்னல்.

செவ்வாய்.

அக்கா நோட்டைத் திறந்து இயக்குநர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ஆள் வராத நாளை அட்டையிலிருந்து படித்துக் காட்டுகிற குரல்.

"ஒரே இடத்துல, ஒரே கணத்துல நடந்த ரெண்டு விஷயம் எல்லாருக்கும் ஒண்ணாதான் நடந்தது. ஒண்ணால இன்னொண்ணு நடந்திருந்தா அந்த முன்பின்னும் யாருக்கும் மாறாது." நோட்டை மூடினாள். "கண்ணாடி உடைஞ்சதும் முள்ளு நின்னதும் ஒரே இடம் சார். நகர்ந்துக்கிட்டே பார்த்தாலும் செவ்வாய்தான், நின்னு பார்த்தாலும் செவ்வாய்தான். செவ்வாய்க்கிழமை ரெண்டு சாவியும் யார் சட்டைப் பையில இருந்துச்சு?"

ரெஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அது தேவைப்படவில்லை. இயக்குநர் கைக்குட்டையை மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க அதில் இடமில்லை.

பிறகு அவரே சொன்னார், பாடம் நடத்தும் குரல் போய்விட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரே ஒருமுறை பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தாராம். தூக்கிப் பார்த்தாராம். கை தவறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வந்து திறந்தால் எழுதிக் கொடுத்த கையெழுத்துக்கு என்ன பதில் சொல்வது? திருடு போன கடிகாரத்தை உடைத்தது யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தார். எலக்ட்ரீஷியனை எப்படியும் பிறகு விட்டுவிடுவார்கள் என்றும் நினைத்தாராம்.

"பிறகுன்னா எத்தனை நொடி கழிச்சு?" என்றான் ஸ்டெப்னி.

ஜீப் ஆறு மணிக்குக் கிளம்பியது. ஏற்றிக்கொண்டு போன ஆள்தான் வேறு.

எலக்ட்ரீஷியன் தரையில் கொட்டிய மணலைக் கூட்டி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தி, இன்ஸ்பெக்டர் ரசீது எழுதி வைத்துவிட்டுப் போன காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"செவ்வாய், பதினொண்ணு பத்து" என்றான். "என் பொண்ணும் செவ்வாய்க்கிழமைதான். பதினொண்ணு பத்துன்னுதான் நர்ஸ் எழுதினாங்க."

ஸ்டெப்னிக்கு நாக்கு சும்மா இருக்காது. "இதுல எது முதல்ல? கடிகாரம் விழுந்ததா, பாப்பா அழுததா?"

"அது ரெண்டும் வேற வேற இடம். தகராறு தீராது. விடு" என்றாள் அக்கா.

ஓட்டுநர் வண்டியில் ஏறினாள். கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள், மேற்கே போனாள். கோட்டின் மேல் பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. வாட்ச்மேன் ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு வளையத்துக்கும் பிளக்குக்கும் நடுவில் நின்றார். எங்கே போடுவது என்று அக்காவைக் கேட்டார்.

"எங்க வேணும்னாலும் போடுங்க அண்ணே. கேட்டா அந்த இடத்தைச் சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஸ்டூலை இருபத்துநான்காம் எண்ணுக்கு எதிரே போட்டு, சார்ஜரைச் சொருகினார்.